நான்கு கால் வீட்டுக்கு ஒரு லாரி

என் கணவர் டெல்மர் வாங்கிய கேம்பருக்குள் ஒரு கணப்பு இருந்தது. லாரியின் முதுகில் ஆமை ஓடு போல உட்கார்ந்து ஊர் சுற்றப் போகிற வீட்டுக்குக் கணப்பு எதற்கு என்று கேட்டேன். விறகு எரிகிற கணப்பு இல்லை, தீ எரிவது போல மின்சாரத்தில் படம் காட்டுகிற கணப்பு என்று அவர் விளக்கினார். அதற்குப் பிறகு எனக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை.

கணப்பு தவிர அதில் சோபா இருந்தது, அடுப்பு இருந்தது, பொத்தானை அழுத்தினால் வெளியே நீளும் இரண்டு சுவர்கள் இருந்தன. குளியலறையும் உண்டு. எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்பதை வெளியிலேயே முடிவு செய்துகொண்டு உள்ளே போனால் ஓர் ஆள் தாராளமாகக் குளிக்கலாம்.

அந்த ஏப்ரலில் டெல்மர் லாரி ஓட்டும் வேலையை விட்டிருந்தார். முப்பத்தோரு வருடம் ஓட்டினார். ஏன் விட்டாய் என்றதற்கு, "போதும்னு தோணிச்சு" என்றார். மொன்டானாவில் ஒரு கணவன் மனைவியிடம் மனம் திறந்து பேசுவது ஏறக்குறைய இந்த நீளத்தில்தான் இருக்கும் என்பதால் நானும் விட்டுவிட்டேன். அவருக்கு ஆசை ஒன்றே ஒன்று. பனி விழுவதற்குள் என்னை ஏற்றிக்கொண்டு, தானே ஓட்டி, அரிசோனா பாலைவனத்துக்குப் போக வேண்டும். முப்பத்தோரு வருடமும் உருளைக்கிழங்கையும் ஜன்னல் கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டு அந்த வழியாகப் போனவர். ஏதோ ஒரு மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்திக் காபி குடிப்பாராம். அந்த இடத்தில் காற்றே இருக்காதாம். எங்கள் ஊர்க்காற்றில் நாற்பத்துநான்கு வருடம் துணி உலர்த்திய எனக்கு அதைக் காட்ட வேண்டும் என்றார். குளியல் தொட்டி உள்ள ஒரு மோட்டல் அறையே எனக்குப் போதுமானதாக இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

முதலில் அந்த வீட்டை எங்கள் பழைய பிக்கப் வண்டியின் மேல் ஏற்றினார். பிக்கப்பின் பின்பக்கம் தரையைத் தொட்டது, முன்பக்கம் வானத்தைப் பார்த்தது. வழியில் போன காட்டுவாத்துகளுக்கு எங்கள் விளக்கு வெளிச்சம் மிகவும் உதவியாக இருந்திருக்கும்.

எதிர்வீட்டு கிளிஃப் புர்கெட் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். கவுண்டி என்கிற எங்கள் மாவட்டத்தின் சாலைத் துறையில் ரோடு சமப்படுத்தும் இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு எங்களைச் சமப்படுத்திக்கொண்டிருந்தார்.

"யோவ் டெல்மர், கிடங்குல போய் எடை போட்டுப் பாருய்யா."

"எடையெல்லாம் கேம்பர்ல ஒட்டின சீட்டுலயே போட்டிருக்கான். தாங்கும்."

"சீட்டுல என் பொண்டாட்டி வயசு கூடத்தான் போட்டிருக்கு."

கோதுமைக் கிடங்கின் எடைமேடைக்குப் போனார்கள். அறுவடை இல்லாத நாளிலும் அங்கே நாலு பேர் காபியோடு நிற்பார்கள் என்பதால் அது ஓர் ஊர்க்கூட்டம் போலவே நடந்தது. பிக்கப் தாங்கக்கூடியதற்கு மேல் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் பவுண்டு இருந்தது. சீட்டில் இருந்தது வெற்று எடையாம். தண்ணீர் இல்லாமல், எரிவாயு இல்லாமல், பேட்டரி இல்லாமல், சட்டி பானை இல்லாமல், மனிதர்கள் இல்லாமல். அதாவது யாரும் போகாத பயணத்துக்கு அந்தக் கணக்கு மிகச் சரி.

"அப்ப சின்னதா ஒரு கேம்பர் வாங்கு" என்றார் கிளிஃப்.

கூடியிருந்த அத்தனை பேரும் அவரை அருவருப்போடு பார்த்தார்களாம். எங்கள் பக்கத்தில் ஓர் ஆண் செய்த தவறைத் திருத்த ஒரே வழிதான் உண்டு. இன்னும் பெரிய லாரி வாங்குவது.

அப்படித்தான் அந்த மஞ்சள் லாரி வந்தது. மின்கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவர்கள் இருபது வருடம் வைத்திருந்து ஏலத்தில் விட்டது. பதினெட்டுச் சக்கரத்துக்குத் தம்பி, பிக்கப்புக்குப் பெரியப்பா. ஆளைத் தூக்கும் கூடையைக் கழற்றிவிட்டுத் தட்டையான இரும்பு மேடையாக விட்டிருந்தார்கள். கதவில் இருந்த எழுத்துகளைச் சுரண்டியிருந்தாலும் "உயர் மின்னழுத்தம், விலகி நில்" என்பது நன்றாகவே தெரிந்தது. நாற்பத்துநான்கு வருடத் திருமணத்தில் எனக்குக் கிடைத்த முதல் நேர்மையான ஆலோசனை அது.

இந்த லாரி இரண்டு கேம்பரைத் தாங்கும். தாங்குவதில் சிக்கலே இல்லை. மற்ற எல்லாவற்றிலும் இருந்தது. கேம்பரின் ஆறாயிரத்துச் சொச்சம் பவுண்டெல்லாம் அதன் ஸ்பிரிங் பட்டைகளுக்கு ஒரு சுமையே இல்லை, அவை வளைந்தே கொடுக்கவில்லை. வெறும் வண்டியை வீட்டைச் சுற்றி ஒருமுறை ஓட்டிக் காட்டியதில் என் மூக்குக்கண்ணாடி மடியில் விழுந்தது. "காலையில முட்டைய உள்ள வெச்சுக் கிளம்புங்க லவோன், மத்தியானம் ஆம்லெட்டா எடுத்துக்கலாம்" என்றார் கிளிஃப்.

அடுத்து, லாரியின் தலை உயரம். கேம்பரின் மூக்கு அந்தத் தலைக்கு மேல் நீண்டு நிற்க வேண்டும், ஆனால் இடித்தது. எனவே இரும்பு மேடையின் மேல் மரச்சட்டங்களை அடுக்கிப் பத்து அங்குலத்துக்கு இன்னொரு மேடை கட்டினார். வீடு மேலே போனதும் வீட்டின் வாசலும் மேலே போனது. தரையிலிருந்து ஐந்து அடிக்கு மேல். என் இடது இடுப்பு இரண்டு வருடம் முன்பு வைத்த உலோகம்.

"நான் எப்படி ஏறுறது டெல்மர்?"

"ஏணி செஞ்சிருக்கேன்ல."

"இறங்குறது?"

அதை அவர் யோசிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "அங்க போனா இறங்கணும்னே உனக்குத் தோணாது" என்றார்.

இதற்கிடையில் எங்கள் சாலையோரத் தபால்பெட்டி வேறு இடம் மாறத் தொடங்கியிருந்தது. குறைந்தபட்சம் டெல்மர் அப்படித்தான் சொன்னார். முப்பது வருடம் நின்ற இடத்திலேயே நின்ற பெட்டி, அந்தக் கோடையில் இரண்டு முறை லாரியின் வலப்பக்கத்துக்குக் குறுக்கே வந்து விழுந்தது. கிளிஃபின் வேலிக்கம்பும் அப்படியே. பிறகு லாரியின் வலது பக்கக் கண்ணாடி ஒருநாள் தானாகவே உடைந்தது. கவுண்டி நூலகத்தில் இருபத்தாறு வருடம் துப்பறியும் நாவல்களை இரவல் கொடுத்து வாங்கியவள் நான். யார் கொலைகாரன் என்பதை ஐம்பதாவது பக்கத்தில் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு பெருமை உண்டு.

அக்டோபர் மூன்றாம் வாரம், ஒரு வியாழக்கிழமை, ஏற்றுவதென்று முடிவானது. கேம்பருக்கு நான்கு மூலையிலும் நான்கு கால்கள். மோட்டாரை இயக்கினால் கால்கள் நீண்டு வீட்டைத் தூக்கும். லாரியைப் பின்னோக்கிக் கால்களுக்கு நடுவே ஓட்டி, வீட்டை அதன் மேல் இறக்க வேண்டும். கால்களோ பிக்கப்புக்காகச் செய்தவை. மஞ்சள் லாரியின் உயரத்துக்கு அவை எட்டாததால், ஒவ்வொரு காலுக்கும் கீழே பழைய தண்டவாளக் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினார். எங்கள் முற்றத்தில் சோபாவும் கணப்பும் உள்ள ஒரு வீடு, கொக்கு போல நின்றது. லாரி நுழைய இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் இடம் இருந்தது.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு மேல் மணிக்கு அறுபது மைல் காற்று வரும் என்று காலையிலேயே வானொலி சொன்னது.

"அதுக்குள்ள ஏத்திடுவேன்" என்றார் டெல்மர்.

கிளிஃப் ஒரு மடக்கு நாற்காலியையும் காபிக் குடுவையையும் எடுத்துக்கொண்டு வந்து, வேலி ஓரமாக உட்கார்ந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. கேம்பர்கள் வந்து தங்கும் முகாம் மைதானங்களில் சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லோரும் இப்படித்தான் நாற்காலி போட்டு உட்காருவார்கள். அப்போதுதான் புதிதாக வரும் தம்பதிகள் வண்டியைப் பின்னால் எடுப்பார்கள். மனைவி கீழே நின்று கை காட்ட வேண்டும், கணவன் அதைப் பார்க்காமல் கத்த வேண்டும். கட்டணமில்லாத நாடகம். சில விவாகரத்துகளின் முதல் காட்சியை அங்கே இலவசமாகப் பார்க்கலாம்.

டெல்மர் ஒருபோதும் என்னைக் கை காட்டச் சொன்னதில்லை. ஐம்பத்துமூன்று அடி டிரெய்லரை, பனியில், தப்பான பக்கத்திலிருந்து, ஒரே முயற்சியில் சந்துக்குள் நுழைத்த மனிதர். அதனால் அன்று அவர், "லவோன், நீ வலது பக்கம் முன்காலுக்குப் பக்கத்துல நில்லு. இடிக்கிற மாதிரி இருந்தா கையத் தூக்கு" என்றபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கொஞ்சம் கௌரவமாகவும் இருந்தது.

முதல் முறை வந்தார், நிறுத்தினார், முன்னால் போனார். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாவது, நான்காவது.

"கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்த மாதிரி வர்றான், போறான்" என்றார் கிளிஃப்.

ஐந்தாம் முறை லாரியின் பின்மூலை நேராக என்னை நோக்கி வந்தது. நான் கையைத் தூக்கினேன். இரண்டு கையையும் தூக்கினேன். புதிய வலது கண்ணாடியில் அவர் முகம் முழுசாகத் தெரிந்தது. அவர் கண் என் பக்கம்தான் இருந்தது. நான் குதித்தேன், இரும்பு இடுப்போடு. அந்த முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. காலியான முற்றத்தைப் பார்க்கிற மனிதர் போல, அமைதியாகப் பின்னோக்கி வந்துகொண்டே இருந்தார்.

நான் விலகி விழுந்தேன். மேடையின் மூலை கேம்பரின் வலது முன்காலில் மோதியது. கால் வளைந்தது, அடியிலிருந்த கட்டைகளில் ஒன்று நகர்ந்தது, வீடு முழுதும் ஒரு முறை முனகிவிட்டு என் பக்கமாகச் சாய்ந்து நின்றது. உள்ளே ஏதோ தட்டுகள் உருண்டன.

கிளிஃப் காபியைக் கொட்டிவிட்டு ஓடி வந்து என்னைத் தூக்கினார். "டேய், கண்ணு தெரியலையாடா உனக்கு!" என்று லாரியைப் பார்த்துக் கத்தினார். எல்லோரும் கத்துகிற வசனம்தான். பதில் வரும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள்.

டெல்மர் இறங்கி வந்தார். வளைந்த காலைப் பார்த்தார். என் முழங்காலில் ஒட்டிய மண்ணைப் பார்த்தார். மிச்சமிருந்த கட்டைகளின் மேல் உட்கார்ந்தார்.

"நீ அங்க இருந்தியா?" என்றார்.

"பதினஞ்சு நிமிஷமா இருக்கேன்."

"வலது பக்கம் இல்ல லவோன். போயிருச்சு. நேரா பாத்தா நேரா இருக்கறது தெரியுது. பக்கத்துல சாம்பல் மாதிரி இருக்கு."

"எப்ப இருந்து?"

"கண்ணுக்குள்ள அழுத்தமாம். டாக்டர் ஏப்ரல்ல சொன்னாரு. வண்டி ஓட்டக்கூடாதுன்னாரு."

"ஏப்ரல்ல." நான் முற்றத்தைச் சுற்றிப் பார்த்தேன். மஞ்சள் லாரி. பத்து அங்குல மேடை. ஏணி. கணப்பு உள்ள வீடு. "வண்டி ஓட்டக்கூடாதுன்னு ஏப்ரல்ல சொன்னாங்க. நீ மே மாசம் இந்த வீட்ட வாங்கின. அது பத்தாதுன்னு ஆகஸ்ட்ல அந்த லாரிய வாங்கின."

"பெரிய வண்டின்னா மத்தவன் ஒதுங்கிப் போவான்னு நெனச்சேன்."

அதை அவர் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. "ஒரு தடவ. அங்க போயிட்டு வந்து சாவிய உங்கிட்ட குடுத்துடலாம்னு இருந்தேன்" என்றார். "அதுவரைக்கும் எப்படியாவது ஓட்டிடலாம்னு."

அவர் இறந்து இது மூன்றாவது குளிர்காலம். கண்ணால் அல்ல, இதயத்தால், தூக்கத்தில், மிக ஒழுங்காக. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் டெல்மர் எதையும் மறைக்காத மனிதர் என்று சொன்னார்கள். நான் அவர்களுக்காகக் கேக்கை வெட்டித் தட்டில் வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வியாழக்கிழமை அழுவதற்கோ சண்டை போடுவதற்கோ நேரமில்லை. வளைந்த கால் மேலேயும் போகாது, கீழேயும் வராது. காற்று வந்தால் வீடு குப்புற விழும். மணி பதினொன்று.

"நான் எடுக்கறேன் வண்டிய" என்றார் கிளிஃப்.

டெல்மர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அரிசோனா வரைக்கும் நீங்க ஓட்டிட்டு வரப் போறீங்களா கிளிஃப்?" என்றேன்.

"நானா? எதுக்கு?"

"அப்ப ஓட்டப் போறவ எடுக்கட்டும்."

இரண்டு ஆண்களும் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். என் அப்பாவுக்கு இருந்தது இரண்டாயிரம் ஏக்கர் கோதுமையும் மூன்று பெண்களும். பதின்மூன்று வயதில் கோதுமை லாரியைக் கிடங்குத் தொட்டியின் வாய்க்கு நேராகப் பின்னால் எடுக்காவிட்டால் எங்களுக்குச் சாப்பாடு தாமதமாகும். இந்த விஷயத்தை டெல்மரிடம் நான் மறைக்கவில்லை. நாற்பத்துநான்கு வருடத்தில் அவர் கேட்கவில்லை, அவ்வளவுதான். அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும்போது வேறு யாருக்கும் ஓட்டத் தெரியும் என்ற எண்ணம் உலகத்திலேயே இருக்காது.

ஏறுவதுதான் கஷ்டமாக இருந்தது. அவருடைய ஏணியை லாரிக் கதவில் சாய்த்து ஏறினேன். இருக்கையை முன்னால் இழுத்தேன். அது இருபது வருடம் அசையாத இருக்கை.

"கிளட்ச் கெட்டியா இருக்கும்" என்றார் டெல்மர் கீழேயிருந்து.

"கல்யாணமும் அப்படித்தான் இருந்துது. நீ இடது பக்கம் போய் நில்லு. கிளிஃப், வலது பக்கம்."

கிளிஃப் நாற்காலியை மடக்கிவிட்டு வந்தார். எங்களுக்காக அவர் நாற்காலியை விட்டு எழுந்து வேலை செய்ததாக எனக்கு நினைவிருக்கும் ஒரே நாள் அது.

டெல்மர் போல மோசமாகக் கை காட்டுகிறவரை நான் எந்த முகாமிலும் பார்த்ததில்லை. வா என்பதற்கும் நில் என்பதற்கும் ஒரே கைதான். நடுவில் யோசனை வந்தால் கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார்.

"இடது! இடதுன்னேன்! அது என் இடது இல்ல, உன் இடது!"

"கைய வெளிய எடு டெல்மர்!"

"நான் சொல்றதக் கேளு பொம்பள, நான் முப்பத்தோரு வருஷம்..."

"முப்பத்தோரு வருஷம் நீ உள்ள இருந்த. இப்ப வெளிய இருக்க. நில்லுன்னா முஷ்டிய மடக்கிக் காட்டு."

"ஐயா சாமி, சத்தம் ஊருக்கே கேக்குது" என்றார் கிளிஃப் வலப்பக்கத்திலிருந்து. "ரெண்டு அங்குலம் இருக்கு, லவோன். ஒண்ணரை. அப்படியே வாங்க."

முதல் முறை கோணலாகப் போனது. முன்னால் எடுத்து நிமிர்த்தினேன். இரண்டாம் முறை, இடது கண்ணாடியில் டெல்மர் மட்டும் தெரிந்தார். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, மிச்சமிருந்த பார்வை முழுவதையும் அந்த இரண்டு அங்குலத்தின் மேல் வைத்துக்கொண்டு, என்னோடு சேர்ந்து பின்னோக்கி நடந்து வந்தார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. திட்டினாரா வேண்டினாரா தெரியவில்லை. எங்கள் தேவாலயத்தில் அவர் வேண்டி நான் பார்த்ததில்லை, எனவே திட்டியிருக்கலாம்.

பிறகு முஷ்டியை மடக்கி உயர்த்தினார். நிறுத்தினேன்.

மூன்று கால்களை மோட்டாரால் இறக்கினார்கள். நான்காவதன் ஆணியைக் கிளிஃப் சம்மட்டியால் அடித்துக் கழற்றினார். வீடு மரமேடையின் மேல் ஒரு முறை தும்மிவிட்டு உட்கார்ந்தது. மூக்குக்கும் லாரியின் தலைக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி. நான்கு மூலையிலும் சங்கிலி போட்டு முறுக்கி முடித்தபோது மணி இரண்டே கால். மூன்று மணிக்குக் காற்று வந்து கிளிஃபின் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனது.

புது முன்கால் வருவதற்குப் பன்னிரண்டு நாள் ஆனது. அத்தனை நாளும் டெல்மர் என்னிடம் கியர் மாற்றுவதைப் பற்றி மட்டும் பேசினார். நவம்பர் நான்காம் தேதி காலையில், சட்டி பானை, தண்ணீர், எரிவாயு எல்லாம் ஏற்றிக்கொண்டு கிடங்கு எடைமேடைக்குப் போனோம். லாரி தாங்கக்கூடியதில் பாதிக்குச் சற்றுதான் மேலே இருந்தது. நாலு காபிக்காரர்களும் கைதட்டினார்கள். நான் ஓட்டுகிற பக்கத்துக் கதவிலிருந்து இறங்கியதும் கைதட்டல் நின்றது.

மறுபடி ஏறப் போகும்போது டெல்மர் என் கதவருகே நின்றுகொண்டிருந்தார். பழக்கத்தில் கைப்பிடியைப் பிடித்திருந்தார். நான் ஏணியோடு பின்னால் காத்திருந்தேன். கையை எடுத்தார். அந்த நீண்ட மஞ்சள் மூக்கைச் சுற்றி மறுபக்கத்துக்கு நடந்து போனார். அது பெரிய லாரி. சுற்றி வர வெகு நேரம் ஆனது.

ஏறி உட்கார்ந்து பெல்ட்டைத் தேடினார். அது எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. நான் எடுத்துக் கொடுத்தேன்.

கிடங்குப் பாதை நெடுஞ்சாலையைத் தொடும் இடத்தில் வண்டியை நிறுத்தினேன். எங்கள் பக்கத்தில் சந்திப்பு வந்தால் வலது பக்கத்தைப் பார்த்துச் சொல்வது வலப்பக்க இருக்கைக்காரரின் கடமை. எத்தனையோ வருடம் நான் அதைச் சொல்லியிருக்கிறேன், அவர் ஒருமுறையும் நம்பியதில்லை.

"என் பக்கம் ஒண்ணும் இல்ல. போ" என்றார் டெல்மர், நேராகப் பார்த்துக்கொண்டே.

நான் அசையவில்லை. வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று வலப்பக்கத்திலிருந்து வந்து, எங்கள் மூக்குக்கு நேர் முன்னால், ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது. கண்ணாடி முழுவதும் வைக்கோல் துரும்பு.

"இப்ப?" என்றேன்.

அவர் இந்த முறை தோளையும் கழுத்தையும் முழுக்கத் திருப்பி, ஜன்னலில் நெற்றி படும்வரை குனிந்து, அந்தச் சாலையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பின்னால் வந்து நின்ற பிக்கப் ஒன்று ஹாரன் அடித்தது. நான் காத்திருந்தேன்.

"இப்ப போ" என்றார்.